கதவைச் சாத்திக்கொண்டு பிரிண்டர் செட் பண்ணுபவர்

பதுளை டவுனிலிருந்து தெமோதரை வரை எந்த ஒபிசில் புதுப் பிரிண்டர் வந்து இறங்கினாலும், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "புவனேந்திரனுக்குச் சொல்லியாச்சா?" அவருக்குச் சொல்லாமல் பிரித்த பிரிண்டர் உருப்படாது என்று அந்தப் பக்கம் முழுக்க ஒரு நம்பிக்கை இருந்தது. அதை யார் பரப்பினார்கள் என்று விசாரித்துக்கொண்டே போனால், கடைசியில் புவனேந்திரன் வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

வீடு என்றால் லயம், தோட்டத்துச் சனத்துக்குக் கட்டிய வரிசை வீடு. தெமோதரைக்கு மேலே வெள்ளைக்கல் தோட்டம், மேட்டு லயம், அதன் கடைசி அறையான கோடிக் காம்பரா. அங்கிருந்து அவர் முழுக்கைச் சட்டையும் கறுப்புச் சப்பாத்தும் தோளில் ஒரு கறுப்புப் பையுமாக பஸ்சுக்கு இறங்கும்போது, கொழுந்து மலைக்கு ஏறுகிற பெண்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். பைக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மனுசனுக்குச் சங்கடமாகியிருக்கும். சோற்றுப் பெட்டி, துவாய், இனி யாருக்கும் உதவாத கொஞ்சம் சீடி, ஒரு பழைய கேபிள். வேறு ஒன்றும் கிடையாது.

ஆனால் நியாயமாகப் பேச வேண்டும். ஆரம்பத்தில் அவர் உண்மையாகவே வேலை தெரிந்த ஆள்தான். பதுளையில் மொஹிதீன் நானாவின் ஃபோட்டோ கொப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பிரிண்டர் என்பது பெரிய வில்லங்கம். கேபிள் இழுக்க வேண்டும், சீடி போட வேண்டும், அந்தச் சீடி எப்போதும் தொலைந்துபோயிருக்கும். ஒரு பிரிண்டரை நாலு கம்பியூட்டர் பாவிக்க வேண்டுமென்றால், பிரிண்டருக்கு ஓர் இலக்கம் கொடுத்து அந்த இலக்கத்தை நாலு கம்பியூட்டரிலும் போய்த் தட்ட வேண்டும். நடுவில் ஒரு புள்ளி பிசகினால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். புவனேந்திரன் இதையெல்லாம் பொறுமையாகச் செய்வார். காலையில் போனால் பின்னேரத் தேத்தண்ணி நேரத்துக்குத்தான் முடியும். சட்டை நனைய வேர்க்கும். அந்த வேர்வைக்கு மரியாதை கொடுத்தே ஆகவேண்டும்.

கெட்ட நேரம் மொஹிதீன் நானாவின் கடைக்குள்ளேயே வந்து சேர்ந்தது. கடைக்கென்று ஒரு புதுப் பிரிண்டர் வாங்கியிருந்தார். புவனேந்திரன் அதற்குக் கரண்ட் கொடுத்து, வைஃபையில் சேர்க்கிற பொத்தானை அமுக்கிவிட்டு, குனிந்து பெட்டிக்குள் சீடியைத் தேடினார். சீடி இல்லை. பெட்டியைக் கவிழ்த்து உதறிப் பார்த்தார், அப்போதும் இல்லை. நிமிர்ந்து பார்த்தால், கம்பியூட்டர் திரையில் அந்தப் பிரிண்டரின் பெயர் வந்து நிற்கிறது. பக்கத்தில் 'தயார்' என்று எழுதியிருக்கிறது. கம்பியூட்டரை அவர் தொடவில்லை, ஓர் எழுத்துக்கூடத் தட்டவில்லை. கம்பியூட்டரும் பிரிண்டரும் அவரை ஒரு பேச்சுக்கூடக் கேட்காமல் தங்களுக்குள் கல்யாணம் பேசி முடித்துவிட்டன.

அவருக்கு முதலில் ஆச்சரியம் வரவில்லை, பயம்தான் வந்தது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பினார். மொஹிதீன் நானா ஒரு வாடிக்கையாளருக்கு ஃபோட்டோ கொப்பி எடுத்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சிச்சா, புவனேந்திரன்?"

"எங்கங்க நானா முடியிறது? இப்பதானே தொடங்கியிருக்கு. இது புது மாதிரி மெசின். கொஞ்சம் இழுக்கும் போல இருக்கு."

கடை பூட்டுகிற நேரம் வரை அவர் அந்தத் திரைக்கு முன்னால் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செய்வதற்கு வேலை இல்லாமல்போன அந்த நாளிலிருந்துதான் அவர் ஒவ்வொரு பிரிண்டருக்கும் எடுத்துக்கொள்கிற நேரம் கூடத் தொடங்கியது.

அதற்குப் பிறகு அவர் கதவைச் சாத்திக்கொள்ளாமல் எந்த இடத்திலும் பிரிண்டர் செட் பண்ணியதில்லை. ஒபிசுக்குள் நுழைந்ததும் எல்லாரையும் வெளியே போகச் சொல்வார். ஃபோன்களை அடுத்த அறையில் வைக்க வேண்டும், சிக்னல் அடிக்குமாம். காற்றாடியை நிறுத்த வேண்டும், ஏன் என்று அவரும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. பால் போட்ட தேத்தண்ணி ஒன்றைக் கதவிடுக்கால் வாங்கிக்கொள்வார். பிரிண்டரும் கம்பியூட்டரும் ஒரு நிமிசத்தில் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொண்டு சும்மா நிற்க, புவனேந்திரன் சோற்றுப் பெட்டியைத் திறந்து நிதானமாகச் சாப்பிடுவார். நடுநடுவே "ச்சே!" என்றும் "வா, வா, வந்திரு" என்றும் வெளியே கேட்கிற மாதிரி சத்தம் கொடுப்பார். சிலநாள் கதிரையிலேயே கண்ணயர்ந்துவிடுவதும் உண்டு. பிறகு துவாயைத் தண்ணீரில் நனைத்து முகத்தில் ஒற்றிக்கொண்டு கதவைத் திறப்பார். முகத்தைப் பார்த்தவர்கள் "பாவம், மனுசன் படாத பாடு பட்டிருக்கு" என்பார்கள்.

கதவைத் திறந்த பிறகு முதல் தாள் அடிப்பது ஒரு சடங்கு. தோட்டத்து ஒபிஸ் என்றால் பிள்ளையார் படம்தான் முதலில் வெளியே வர வேண்டும், கீழே ஒபிசின் பெயரும் 'சுபம்' என்ற சொல்லும். அந்தத் தாளுக்கும் மெசினின் நெற்றிக்கும் மஞ்சளும் குங்குமமும் வைப்பார்கள். முஸ்லிம் கடைகளில் முதலாளியே பிஸ்மில்லாஹ் சொல்லிப் பொத்தானை அமுக்குவார். சிங்கள ஐயாமார் இருக்கிற இடத்தில் நல்ல நேரம் பார்த்துக் குத்துவிளக்கு ஏற்றுவார்கள். மூன்று சாதிச் சனத்தையும் ஒரே மரியாதையோடு ஏமாற்றிய ஆள் அந்த மாகாணத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் முழுதாக நம்பியவள் அவருடைய மனைவி ஜீவராணி. அவள் வெள்ளைக்கல்லில் கொழுந்து எடுக்கிறவள். வீட்டு உலையில் அரிசி வேகிறது என்றால் அது பெரும்பாலும் அவளுடைய சம்பளத்தில்தான். ஆனால் மலையில் யாராவது "ஒம் புருசன் என்னதான் வேல பாக்குறாரு?" என்று கேட்டால், "அது மூளைக்குள்ளாற பாக்குற வேலக்கா, நம்மளுக்கு வெளங்காது" என்று சொல்லிவிட்டு கூடையைச் சரி பண்ணிக்கொள்வாள். இதைக் கேள்விப்பட்டபோதெல்லாம் புவனேந்திரனுக்குச் சோறு தொண்டையில் நின்றது. நின்றாலும் சாப்பிட்டுவிடுவார்.

ஜீவராணியின் கவலை வேறு. அவள் பிறந்தது கொஸ்லந்தப் பக்கம். மீரியபெத்தயில் மலை சரிந்தபோது அவளுடைய சின்னம்மா குடும்பம் மண்ணுக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு மழை பலத்தால் அவளுக்குக் கண் மூடாது. மேட்டு லயத்துக்குப் பின்னால் மலையில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது, கையை விட்டால் முழங்கை வரை போகும். அதிகாரிகள் வந்தார்கள், அளந்தார்கள், 'அபாய வலயம்' என்று இரண்டு மொழியில் ஒரு பலகை நட்டார்கள், மழை வந்தால் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போய்விடச் சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போனார்கள். பலகையை நட்டதோடு ஆபத்துத் தீர்ந்துவிட்டது என்று தோட்டமும் நினைத்துக்கொண்டது. ஜீவராணி மட்டும் ஒவ்வொரு மழைக்கும் மகளின் புத்தகங்களைப் பொலித்தீன் பையில் கட்டுவாள். பெரட்டுக்களத்தில் காலைப் பெயர் கூப்பிடுகிற நேரத்தில் பெரிய கிளாக்கரிடம் வேறு வீடு கேட்டாள். தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் கேட்டாள், தொழிற்சங்கத் தலைவரிடம் கேட்டாள். எல்லாரும் மிகவும் அன்பாக, பார்ப்போம் என்றார்கள்.

இத்தனைக்கும் தோட்டத்தில் ஒரு வீடு சும்மாதான் கிடந்தது. ஒபிசுக்குப் பக்கத்தில், கெட்டியான நிலத்தில், மூன்று அறையோடு ஒரு ஸ்டாப் குவார்ட்டர்ஸ். அதில் இருந்த உத்தியோகத்தர் ஓய்வு பெற்றுப் போய் வருசக்கணக்காகிவிட்டது. ஆள் இல்லாத அந்த வீட்டுக்கு வருசா வருசம் பெயின்ட் அடித்தார்கள். பட்ஜெட்டில் இருக்கிறதாம். லயத்துக்குக் கூரைத் தகரம் பட்ஜெட்டில் இல்லையாம். இப்படி எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது, ஆனால் அங்கே யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. ஸ்டாப் குவார்ட்டர்சில் ஸ்டாப்தானே இருக்க முடியும்.

இந்த நிலைமையில்தான் பெரிய கிளாக்கர் ஒருநாள் புவனேந்திரனைக் கூப்பிட்டனுப்பினார். பெரிய கிளாக்கர் என்றால் தொரைக்கு அடுத்தது அவர்தான். யார் பெரியவர் என்று சிலசமயம் தொரைக்கே சந்தேகம் வரும்.

"இங்க பாரு புவனேந்திரன், தோட்டம் பூரா வைஃபை போட்டாச்சு. கம்பியூட்டரும் புதுசு. பிரிண்டர் ரெண்டு வந்திருக்கு, ரெண்டும் ஒரே மாதிரி. ஒண்ணு தொரையோட ரூமுக்கு, ஒண்ணு ஒபிசுக்கு. இதெல்லாம் பாத்துக்க ஒரு ஆள நிரந்தரமா போடச் சொல்லி தொரை கேட்டிருக்காரு. திங்கக்கெழம கொழும்புலருந்து ஆள் வருது. அவங்களுக்கு முன்னால செட் பண்ணி ஒரு தாள் அடிச்சுக் காட்டு. சரியா வந்துச்சுன்னா வேல ஒனக்குத்தான்."

"ஸ்டாப் வேலைங்களாய்யா?"

"ஸ்டாப் வேலதான். ஒபிசுக்குப் பக்கத்துக் குவார்ட்டர்சு சும்மாதானே கெடக்கு."

அவர் வீட்டுக்கு வந்து சொன்னதும் ஜீவராணி எழுந்தாள். அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அந்த வூட்டுக்குப் பின்னால மலை இல்லீங்க," என்றாள். "நா போய்ப் பாத்திருக்கேன். பின்னால வெறும் கொய்யா மரந்தான்."

திங்கட்கிழமை ராகு காலம் கழியட்டும் என்று காத்திருந்து புவனேந்திரன் ஒபிசுக்குள் நுழைந்தார். கொழும்புத் தலைமை ஒபிசிலிருந்து வந்தவள் ஷஹீலா என்ற பெண். பண்டாரவளைக்காரி, முக்காடு போட்டிருந்தாள், படித்தவள் என்ற பந்தா இல்லை. "அண்ணன், நீங்க ஒங்கட வேலயப் பாருங்க, நான் தொரையோட பேசிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு தொரையின் அறைக்குப் போய்விட்டாள். புவனேந்திரன் வழக்கப்படி எல்லாரையும் வெளியேற்றினார், காற்றாடியை நிறுத்தினார், தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

மேசையில் இருந்த பிரிண்டருக்குக் கரண்ட் கொடுத்தார். கம்பியூட்டரைத் திறந்தார். பிரிண்டரின் பெயர் ஏற்கெனவே வந்திருந்தது, பக்கத்தில் 'தயார்'. இதைவிட வேகமாக எந்தப் பிரிண்டரும் வந்ததில்லை. வைஃபைப் பொத்தானை அமுக்குவதற்குள்ளேயே வந்துவிட்டதே என்று ஒரு சின்ன நெருடல் வந்தது. அதைத் தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டு, குவார்ட்டர்சில் எந்த அறையை மகளுக்குக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தை நனைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். பெரிய கிளாக்கரும், சின்ன கிளாக்கர்மாரும், கோயில் கமிட்டித் தலைவரும், கையில் மஞ்சள் குங்குமத் தட்டோடு இரண்டு பெண்களும் உள்ளே வந்தார்கள்.

புவனேந்திரன் கும்பிட்டுவிட்டுப் பிள்ளையாரை அனுப்பினார். தாள் வரவில்லை.

"வரும்," என்றார். இன்னொரு தரம் அனுப்பினார். மெசின் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு சும்மா இருந்தது. மூடியைத் திறந்து மூடினார். தாளை எடுத்துத் தட்டி அடுக்கினார். திரையில் பார்த்தால் 'அச்சிடப்பட்டது' என்கிறது, தட்டில் பார்த்தால் ஒன்றுமில்லை. அவருக்கு எத்தனையோ வருசத்துக்குப் பிறகு நிஜமான வேர்வை வந்தது. "எல்லாரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்று திரும்பவும் கதவைச் சாத்திக்கொண்டு, பிரதிகள் என்ற இடத்தில் நாற்பது என்று தட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினார். நாற்பதில் ஒன்றாவது வராதா என்ற கணக்கு.

வந்தது. எல்லாமே வந்தது. ஆனால் தொரையின் அறையில்.

தொரையின் முதுகுக்குப் பின்னால் இருந்த பிரிண்டரை யாரும் தொடவில்லை. அது தானாகக் கனைத்துக்கொண்டு ஒரு பிள்ளையாரை வெளியே தள்ளியது. தொரை சிங்களவர், நல்ல மனுசர், தெய்வ காரியம் என்று எழுந்து கும்பிட்டார். உட்காருவதற்குள் இன்னொரு பிள்ளையார் வந்தார். அதையும் கும்பிட்டார். பிறகு நிற்காமல் வரத் தொடங்கியது. தட்டு நிறைந்து தாள்கள் தரையில் விழுந்தன. விழுந்ததை மிதித்துவிடக்கூடாதே என்று தொரை காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டார்.

"கிளாக்கர்! கிளாக்கர்! இங்க வா! சாமி வருது, நிக்கிறது இல்ல!"

பெரிய கிளாக்கர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். கோயில் கமிட்டித் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆள் தொடாத மெசினில் பிள்ளையார் எழுந்தருளியிருக்கிறார் என்ற செய்தி ஒபிசைத் தாண்டி, தேயிலை இஸ்டோரைத் தாண்டி, கொழுந்து நிறுக்கிற மடுவம் வரைக்கும் போய்விட்டது. நிறுத்துக்கொண்டிருந்த கொழுந்தை அப்படியே போட்டுவிட்டுப் பெண்கள் வந்தார்கள். யாரோ சூடம் கொளுத்தினார்கள். அந்த மெசினைக் கோயிலுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று தலைவர் அங்கேயே கோரிக்கை வைத்தார். பெரிய கிளாக்கர் அதை ஆதரித்துப் பேசினார்.

ஷஹீலா ஒருத்திக்குத்தான் விசயம் புரிந்தது. சிரிப்பை முக்காட்டின் ஓரத்தால் மறைத்துக்கொண்டு போய் ஒபிஸ் கதவைத் தட்டினாள்.

"அண்ணன், போதும். நிப்பாட்டுங்க. அங்க தொரை கதிரைல ஏறி இருக்கார்."

உள்ளே வந்து திரையைப் பார்த்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படியாக, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி விளங்கப்படுத்தினாள். தொரையின் பிரிண்டரைப் பெட்டி பிரித்த அன்றே யாரோ வைஃபையில் சேர்த்துவிட்டார்கள். அது சேர்ந்த நிமிசமே தன் பெயரையும், தான் இருக்கிற இடத்தையும், கலர் அடிப்பேன், இரண்டு பக்கமும் அடிப்பேன் என்று தனக்குத் தெரிந்த வேலையையும் நெட்வேர்க் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிடும். கம்பியூட்டர் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டதும், உன்னால் என்ன முடியும் என்று ஒரு தரம் விசாரித்துவிட்டுத் தானே சேர்த்துக்கொள்ளும். மேசையில் இருக்கிற பிரிண்டர் இன்னும் வைஃபைக்குள் வரவே இல்லை. இரண்டும் ஒரே மாதிரி என்பதால் பெயரும் கிட்டத்தட்ட ஒன்று, கடைசி இரண்டு எழுத்துத்தான் வித்தியாசம்.

"அப்போ இத யாரு செட் பண்ணுனது?" என்று பெரிய கிளாக்கர் கேட்டார்.

"யாரும் செட் பண்ணல்ல. அதுவே செட் ஆயிட்டு."

"அதுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"ஒரு நிமிசம் எடுக்கிறதே பெரிய விசயம்."

பெரிய கிளாக்கர் மெதுவாகத் திரும்பிப் புவனேந்திரனைப் பார்த்தார். அவருடைய ஒபிசில் இதற்கு முன் மூன்று பிரிண்டர்கள் செட் பண்ணப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுநாள் அவர் காற்றாடி இல்லாமல் வராந்தாவில் நின்றிருக்கிறார். கதவிடுக்கால் தேத்தண்ணி கொடுத்ததும் அவர்தான்.

ஷஹீலாவிடம் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அவள் கொழும்புக்குப் போய் உண்மையைச் சொன்னாள்: நெட்வேர்க் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், நிரந்தரமாக ஆள் தேவையில்லை. தொரைக்கு ஒரு சம்பளம் மிச்சம். வேலை இல்லை என்றால் குவார்ட்டர்சும் இல்லை. அதற்கு இந்த வருசத்துப் பெயின்ட்டை அடிக்கத் தொடங்கினார்கள்.

பிள்ளையார் வந்த அன்றைக்குப் புவனேந்திரன் குறுக்குப் பாதையை விட்டுவிட்டு தோட்டத்தைச் சுற்றி நடந்து வீட்டுக்குப் போனார். அவருக்கு முன்னால் செய்தி போயிருந்தது. ஜீவராணி வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திட்டுவாள், அழுவாள், குறைந்தபட்சம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்த்தார். எதையும் செய்யவில்லை.

"இத்தன வருசமா அதுவேதான் செட் ஆனதாங்க?"

"ஆமா புள்ள."

"நீங்க உள்ளாற என்ன செஞ்சீங்க?"

"சோறு தின்னேன்."

அவள் கீரைத்தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தாள். அவமானம் தாங்காமல் அவர் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்சம் கழித்து அவள் கேட்டது அவர் நினைத்தே பார்க்காத கேள்வி.

"அந்த மெசினு யாருகிட்டயும் வேல கேக்கலையாங்க?"

"இல்ல. நா இங்க இருக்கேன், எம்பேரு இது, எனக்கு இன்னது தெரியும்னு அதுபாட்டுக்குச் சொல்லும். அவ்வளவுதான். கேக்குறவங்க சேத்துக்குவாங்க."

"யாரு உத்தரவு குடுக்கிறது?"

"உத்தரவெல்லாம் கெடையாது புள்ள. வந்துட்டா வந்ததுதான்."

"அப்படின்னா நம்மதான் தப்பு பண்ணியிருக்கோம்," என்றாள் ஜீவராணி. "இத்தன வருசமா கேட்டுக்கிட்டேல்ல இருந்தோம்."

வியாழக்கிழமை விடிகிறபோதே மழை பிடித்துக்கொண்டது. மேட்டு லயத்துச் சனம் வழக்கம்போலப் பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கிளம்பியது. ஜீவராணி புத்தகப் பையைக் கட்டினாள், அரிசி மூட்டையைக் கட்டினாள், சாமிப் படத்தைத் துணியில் சுற்றினாள், அம்மியை மட்டும் விட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்துக்குத் திரும்புகிற இடத்தில் திரும்பாமல் நேராக நடந்தாள். புவனேந்திரன் பாயைச் சுமந்துகொண்டு பின்னால் போனார். எங்கே போகிறோம் என்று கேட்கிற தகுதி தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

குவார்ட்டர்சின் கதவுகள் பெயின்ட் காய்வதற்காக அகலத் திறந்து கிடந்தன. ஜீவராணி உள்ளே போய், சாமிப் படத்தை மாட்டி, குசினியில் அடுப்பைப் பற்றவைத்தாள். பெரிய கிளாக்கர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"யாரக் கேட்டு உள்ள வந்தீங்க?"

"யாரையும் கேக்கலீங்கய்யா. மெசினு வந்து தானா சேந்துச்சுல்ல, அது மாதிரிதான்." ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் நேராக நின்றாள். "எம்பேரு ஜீவராணி. மேட்டு லயம், கோடிக் காம்பரா. மூணு பேரு இருக்கோம். கொழுந்து நல்லா எடுப்பேன். கவ்வாத்தும் வெட்டுவேன்."

பெரிய கிளாக்கர் குடையைக் கைமாற்றிப் பிடித்தார். அவரிடம் கெஞ்சினால் மறுக்கத் தெரியும். சங்கம் வைத்துக் கத்தினால் மனு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளத் தெரியும். ஒருத்தி வந்து அறிவித்துவிட்டு அரிசி வேகவைத்தால் என்ன செய்வதென்று எந்தச் சுற்றுநிருபத்திலும் இல்லை. புவனேந்திரனைப் பார்த்தார். புவனேந்திரன் பழக்க தோசத்தில் கையைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சுக்கங்கய்யா" என்று தொடங்கினார். ஜீவராணி திரும்பிப் பார்த்த ஒரு பார்வையில் கையை அவிழ்த்துவிட்டு, "நாங்க போக மாட்டோங்கய்யா" என்று முடித்தார். பிறந்ததிலிருந்து அந்த மனுசரிடம் அவர் சொன்ன முதல் மறுப்பு அதுதான். சொல்லி முடித்துவிட்டு, சுமந்து வந்த பாயை விரித்தார்.

சாமான்களை வெளியே எடுத்துப் போட ஆள் வேண்டும் என்று பெரிய கிளாக்கர் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லி அனுப்பினார். ஆட்கள் வந்தார்கள். ஆனால் வெறுங்கையோடு வரவில்லை. பாயும் சட்டியும் பிள்ளைகளுமாக நாலு குடும்பம் வராந்தாவில் வந்து ஏறி, ஒவ்வொருவராகப் பெயரையும் காம்பரா நம்பரையும் தங்களுக்குத் தெரிந்த வேலையையும் அவருக்குச் சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். பெரிய கிளாக்கர் மழையில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வேறு என்ன செய்வார்?

விசயம் கொழும்புக்குப் போயிருக்கிறது. இன்னும் பதில் வரவில்லை. தொரை அந்தப் பக்கம் போகும்போது வேறு எங்கோ பார்த்துக்கொள்கிறார், அதை நான் அவருக்கு நல்ல மனசு என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். ஐந்து குடும்பம் மூன்று அறையில் இருப்பது சொகுசு ஒன்றுமில்லை. குசினிக்குச் சண்டை வரும், கக்கூசுக்கு வரிசை நிற்கும்.

புவனேந்திரன் இப்போதும் பிரிண்டருக்குத்தான் போகிறார். போன இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறார்: "இதுக்கு நா தேவையில்லீங்க, கரண்ட் குடுத்து வைஃபையில சேத்துட்டா அதுவே வந்துரும்." யாரும் நம்புவதில்லை. தொழில் ரகசியத்தை மறைக்கிறார் என்கிறார்கள். தொரையின் அறையில் பிள்ளையார் வந்த கதை வேறு பரவியதில் அவருக்குக் கிராக்கி கூடிவிட்டது. கதவைத் தாங்களே சாத்திவிட்டு வராந்தாவில் பயபக்தியோடு நிற்கிறார்கள். உள்ளே அவருக்குச் சோறு இறங்குவதில்லை என்று மொஹிதீன் நானாவிடம் சொல்லியிருக்கிறார்.

பெரிய கிளாக்கரும் விடவில்லை. ஒவ்வொரு பெரிய மழையும் ஓய்ந்த பிறகு மேட்டு லயம் வரை போய்ப் பார்த்துவிட்டு, குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்து நிற்பார். போன ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். மூன்று நாள் விடாமல் பெய்து அப்போதுதான் வெறித்திருந்தது. ஜீவராணி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"பாத்துட்டுத்தான் வாறேன்," என்றார். "ஒண்ணும் ஆகல. இம்புட்டு மழைக்கும் மலை சரியல. லயம் அப்படியேதான் நிக்குது."

ஜீவராணி பின்னலைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்தாள்.

"நிக்கட்டுங்கய்யா. நாங்க உள்ளாற இல்லாம நிக்கட்டும்."